அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டும் குளுக்கோஸ் உடையும் முதல் ஐந்து படிகளும்

தங்கச்சிமடத்துத் தம்பி — காலை 7:40

வணக்கம். போன வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வேண்டியிருந்தது. காலை ஆறரைக்கு வீட்டிலேயே விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்த்தோம், 121 காட்டியது. அதே நேரத்துக்குப் பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டரில் கை நரம்பிலிருந்து சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் ரத்தம் எடுத்தார்கள். அந்த டியூப் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் மெஷினில் ஏறும்போது பத்து மணி ஆகிவிட்டதாம். சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டில் 98. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உடனே கருப்பட்டிக் காப்பி கேட்டார்.

தங்கை பி.எஸ்சி. உயிர்வேதியியல் முதல் வருஷம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "அண்ணா, டியூபுக்குள்ளேயே ரத்தச் செல்கள் சர்க்கரையைத் தின்றிருக்கும்" என்றாள். எப்படித் தின்னும் என்று கேட்டேன். செல் குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் பத்துப் படியையும் பத்து நொதியையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சரி, சக்தி வேண்டும் என்றுதானே செல் சர்க்கரையை உடைக்கிறது, அப்புறம் எதற்கு முதல் படியிலும் மூன்றாம் படியிலும் கையில் இருக்கிற ஏடிபி என்ற சக்தி மூலக்கூறைச் செலவழிக்கிறது? இரண்டாம் படியில் குளுக்கோஸை ஃப்ரக்டோஸ் வடிவத்துக்கு மாற்றி என்ன ஆகப்போகிறது? இதற்கு அவளிடம் பதில் இல்லை, அழாத குறை. வகுப்பில் கேட்டதற்கு, பரீட்சைக்கு அதெல்லாம் வராது, மனப்பாடம் பண்ணு என்றார்களாம். கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளும் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

கஞ்சிப்பாசி — காலை 8:05

முதல் 5 படி முதலீடு, அடுத்த 5 படி வருமானம். 2 ஏடிபி போடுகிறோம், 4 எடுக்கிறோம், நிகரமாக 2 மிச்சம். குளுக்கோஸை உடைக்கத் தேவையான சக்திக்காக அந்த முதல் 2 ஏடிபி எரிகிறது. நீட் கோச்சிங்கில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

ஆய்வக அக்கா — காலை 9:20

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், அதனால் அந்த 98 பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தங்கை சொன்னது சரி. சிவப்பணுவுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஏடிபிக்கு அதற்கு இருக்கும் ஒரே வழி கிளைக்காலிசிஸ். கையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அதற்குத் தெரியவா போகிறது, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருக்கிற குளுக்கோஸை எடுத்து உடைத்துக்கொண்டேதான் இருக்கும். சாதாரண அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். நம் ஊர் வெயிலில் பஸ்ஸில் போனால் இன்னும் வேகம். மூன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறது என்கிறீர்கள், 121 என்பது 98 ஆவதற்கு அந்த நேரம் தாராளம். குளுக்கோமீட்டரே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவ்வளவு இறங்கியதற்குப் பெரும்பங்கு தாமதம்தான் என்று நினைக்கிறேன்.

சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் எடுத்தார்களே, அதில் சோடியம் ஃப்ளூரைடு இருக்கிறது, அது தடுத்திருக்காதா என்று யாராவது கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃப்ளூரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை, அது ஒன்பதாம் படி. குளுக்கோஸ் மறைந்து போவது முதல் படியில். கடைசியில் கதவைப் பூட்டினால் முன்வாசல் உடனே மூடிவிடாது. அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ளூரைடு இருந்தாலும் சர்க்கரை கிட்டத்தட்ட அதே வேகத்தில் இறங்கும், முழுசாக நிற்க நாலு மணி நேரம் வரைகூட ஆகலாம். அதனால்தான் எடுத்தவுடன் ஐஸில் வைத்துச் சீக்கிரம் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். சிட்ரேட் கலந்த டியூபும் இருக்கிறது, அது ரத்தத்தை அமிலமாக்கி முதல் படி நொதியையும் மூன்றாம் படி நொதியையும் அப்போதே அமுக்கிவிடும்.

தொண்டி டீச்சர் — காலை 11:15

தம்பி, உன் தங்கை கேட்காமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். நான் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள். இந்தப் பாடத்தை ஒன்றாம் படியில் ஆரம்பிக்காதே அம்மா, நாலாம் படியில் இருந்து பின்னால் வா.

நாலாம் படியில் ஆல்டோலேஸ் என்ற நொதி ஆறு கார்பன் சங்கிலியை நடுவில் வெட்டி மூன்று மூன்றாக ஆக்குகிறது. முன்னால் உள்ள மூன்று படியும் இந்த ஒரு வெட்டுக்கான ஏற்பாடு. இந்த மாதிரி வெட்டு எங்கே விழும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கார்பனைக் கண்டுபிடி, அதற்கு அடுத்த கார்பனைத் தாண்டியதும் வெட்டு விழும். குளுக்கோஸில் அந்த இரட்டைப் பிணைப்பு 1-ஆம் கார்பனில் இருக்கிறது, வெட்டினால் 2-க்கும் 3-க்கும் நடுவில் விழும். கிடைப்பது இரண்டு கார்பன் துண்டு ஒன்று, நாலு கார்பன் துண்டு ஒன்று. ஒன்றோடொன்று சேராத இரண்டு துண்டு, இரண்டுக்கும் தனித்தனி நொதி வரிசை வேண்டும். இரண்டாம் படி என்ன செய்கிறது? அந்த இரட்டைப் பிணைப்பை 1-ஆம் கார்பனிலிருந்து 2-ஆம் கார்பனுக்கு நகர்த்துகிறது. குளுக்கோஸ் ஃப்ரக்டோஸ் ஆகிறது என்றால் அவ்வளவுதான் அர்த்தம், ஒரு அணு கூடவும் இல்லை குறையவும் இல்லை. இப்போது வெட்டினால் 3-க்கும் 4-க்கும் நடுவில் விழும். பனங்கிழங்கைக் கையால் பிளக்கிறோமே, நடு நரம்பைப் பிடித்துப் பிளந்தால் இரண்டு பாதியும் ஒரே அளவாக வரும், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஒரு பக்கம் சிம்பாக உரிந்து வரும். இரண்டாம் படி செய்வது அந்த நடுவைக் கண்டுபிடிக்கிற வேலை. சும்மா உருமாற்றம் என்று ஒரு வரியில் போய்விடும் இந்தப் படியில்தான் பாதையின் மூளையே இருக்கிறது என்பேன்.

கஞ்சிப்பாசி தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். ஏடிபி எரியவில்லை. வெட்டு விழும் படியில் ஏடிபி செலவே கிடையாது. முதல் படியிலும் மூன்றாம் படியிலும் ஏடிபியில் தொங்கும் மூன்று பாஸ்பேட்டில் ஒன்று கழன்று சர்க்கரையில் ஒட்டுகிறது. அது எங்கேயும் வீணாய்ப் போகவில்லை, சர்க்கரையிலேயே இருக்கிறது. இதை மறக்காதே, பின்னால் வேண்டும்.

தங்கச்சிமடத்துத் தம்பி — பகல் 12:02

டீச்சர், தங்கை இப்போதே நோட்டில் இரண்டையும் வரைந்து வெட்டிப் பார்த்துவிட்டாள், 2+4, 3+3 என்று வருகிறது. அப்படியானால் பாஸ்பேட்டை எதற்கு ஒட்ட வேண்டும்? ஃப்ரக்டோஸாக்கி நேராக வெட்டிவிட்டால் போதாதா?

தொண்டி டீச்சர் — பகல் 12:50

போதாது. முதல் பாஸ்பேட் எதற்கென்று பார்ப்போம். குளுக்கோஸ் செல்லுக்குள் வருவதற்குச் சவ்வில் கடத்திப் புரதங்கள் வாசலாக நிற்கின்றன, அந்த வாசல் வழியாக வெளியேயும் போகலாம். உள்ளே வந்ததும் ஹெக்சோகைனேஸ் 6-ஆம் கார்பனில் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது. பாஸ்பேட்டுக்கு எதிர் மின்சுமை, எண்ணெய்ப் பசையான சவ்வு அதை விடாது, அந்த வாசலும் அதற்குப் பொருந்தாது. கீழக்கரைப் பக்கம் கடலில் இறக்கும் மீன்கூடு ஞாபகம் இருக்கிறதா, உள்ளே போன மீனுக்கு வழி திரும்பக் கிடைக்காது. உள்ளே தனிக் குளுக்கோஸ் எப்போதும் குறைவாகவே இருப்பதால் வெளியிலிருந்து மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி இருக்கிறது, அதனால்தான் கல்லீரலால் ரத்தத்துக்குச் சர்க்கரையைத் திருப்பித் தர முடிகிறது, தசையால் முடியாது.

ஹெக்சோகைனேஸ் நொதியின் அமைப்பும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். இரண்டு மடலாகப் பிளந்து கிடக்கும், குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் மட்டி மூடுவது போல மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே வராது. தண்ணீர் வந்தால் பாஸ்பேட் சர்க்கரைக்குப் போகாமல் தண்ணீருக்குப் போய் ஏடிபி நிஜமாகவே வீணாகும். பொருள் வந்து தொட்டதும் நொதி தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் என்ற கருத்தை 1958-இல் டேனியல் கோஷ்லண்ட் சொன்னார், அதற்குப் பாடப்புத்தகம் காட்டும் முதல் உதாரணமே இதுதான். கூடவே மெக்னீசியமும் வேண்டும், இல்லாவிட்டால் ஏடிபி சரியாகப் பொருந்தாது.

இப்போது இரண்டாவது பாஸ்பேட். ஒரு நீளக் கயிற்றை நடுவில் வெட்டப் போகிறோம், வெட்டிய இரண்டு துண்டையும் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு நுனியில் மட்டும் வளையம் இருந்தால் மற்ற துண்டு கையை விட்டுப் போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே 1-ஆம் கார்பனிலும் ஒன்று மாட்டுகிறது. அதைச் செய்வது பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், மூன்றாம் படி. 1-ஆம் கார்பனில் மாட்ட இடம் கிடைத்ததும் இரண்டாம் படியால்தான், இரட்டைப் பிணைப்பு நகர்ந்ததால் அங்கே ஹைட்ராக்சில் (OH) வந்துவிட்டது. நாலாம் படியில் வெட்டியதும் டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட் ஒன்று, கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் ஒன்று. இரண்டுக்கும் மூன்று கார்பன், இரண்டுக்கும் ஒரு பாஸ்பேட். ஐந்தாம் படியில் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது. அதற்கு மேல் இரண்டு பாதிக்கும் ஒரே பாதை, ஒரே நொதி வரிசை.

சாயல்குடிப் பனை — பிற்பகல் 3:30

நான் படித்தது பத்தாவது வரைதான், ஆனால் இந்த இழையை விட முடியவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பனை ஏறுகிறோம். கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சின்ன வயதில் ஒருநாள் சுண்ணாம்பு சரியாகத் தடவாமல் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன், அந்தப் பதநீரைக் காய்ச்சியபோது கருப்பட்டி உறையவே இல்லை, கையில் ஒட்டிக்கொண்டு பாகாகவே நின்றது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது என்பது தெரியும். டீச்சர் சொல்லும் இதே படிகள்தான் கலயத்துக்குள்ளும் நடக்கிறதா?

தொண்டி டீச்சர் — மாலை 4:45

இதே படிகள்தான் தம்பி, உன் கலயத்தில் இருப்பதும் தங்கச்சிமடத்துத் தம்பியின் தங்கையின் சிவப்பணுவில் இருப்பதும் ஒரே பாதை. பத்தாம் படியில் கிடைக்கும் பைருவேட் வரைக்கும் வித்தியாசமே இல்லை, அதற்குப் பிறகு ஈஸ்ட் அதைச் சாராயமும் கரியமில வாயுவுமாக ஆக்குகிறது, சிவப்பணு லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலத்தின் வடிவம், ஆக்குகிறது.

பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் தன் வெளிப்புறத்திலேயே இன்வர்டேஸ் நொதியை வைத்து அதைக் குளுக்கோஸ் பாதி, ஃப்ரக்டோஸ் பாதி என்று பிரித்துவிடும். கருப்பட்டி உறையாமல் போனதற்குக் காரணம் அதுதான், அப்படிப் பிரிந்த சர்க்கரை எளிதில் கட்டியாகாது. அந்த ஃப்ரக்டோஸிலும் ஹெக்சோகைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டும், ஒட்டியதும் அது நேராக மூன்றாம் படிக்குத் தயார். நடுவைக் கண்டுபிடிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதே. சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறி ஈஸ்டும் பாக்டீரியாவும் அடங்கிவிடும், சுக்ரோஸ் பிரியாமல் கிடக்கும். உங்கள் தாத்தா கலயத்தைக் காரமாக்கினார், ஆய்வக அக்கா சொன்ன சிட்ரேட் டியூப் ரத்தத்தை அமிலமாக்குகிறது, இரண்டும் பாதையின் தலையிலேயே தடுக்கிற வழி.

இந்தப் பாதையையே கள்ளுப்பானை மாதிரி ஒன்றிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்து, பிழிந்து, உயிர் இல்லாத சாற்றை எடுத்து, கெடாமல் இருக்கச் சர்க்கரை போட்டு வைத்தார். அது நுரைக்க ஆரம்பித்துவிட்டது. புளிக்க உயிருள்ள செல் வேண்டாம், சாறு போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது, 1907-இல் அதற்கு நோபல். அடுத்து ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1905, 1906 வாக்கில் அந்தச் சாற்றில் நுரை தளர்வதையும், கொஞ்சம் பாஸ்பேட் உப்புப் போட்டால் மறுபடி பொங்குவதையும் பார்த்தார்கள். போட்ட பாஸ்பேட் எங்கே போனது என்று தேடினார்கள், சர்க்கரையில் ஒட்டியிருந்தது. இரண்டு நுனியிலும் பாஸ்பேட் உள்ள அந்தச் சர்க்கரைக்கு ரொம்ப நாள் ஹார்டன்-யங் எஸ்டர் என்றே பெயர். நம் மூன்றாம் படியில் கிடைப்பது அதேதான்.

தங்கச்சிமடத்துத் தம்பி — மாலை 5:20

தங்கை கேட்கிறாள்: ஏடிபி வீணாகவில்லை, சர்க்கரையில் இருக்கிறது, பின்னால் வேண்டும் என்றீர்களே, அது எங்கே திரும்பி வருகிறது?

ஆய்வக அக்கா — மாலை 6:10

இதை நான் சொல்கிறேன் டீச்சர், எனக்கும் இது புரிந்த நாள் மறக்காது. முதல் படியிலும் மூன்றாம் படியிலும் ஒட்டிய அந்த இரண்டு பாஸ்பேட்டும் பத்தாம் படியில் ஏடிபியாகத் திரும்பி வருகின்றன, ஒரு பாதிக்கு ஒன்று. போட்டது போட்டபடி கைக்கு வந்துவிட்டது. லாபம் என்பது ஏழாம் படியில் கிடைக்கும் இரண்டு, அதற்கான பாஸ்பேட் ஆறாம் படியில் செல்லுக்குள் சும்மா கரைந்து கிடக்கும் உப்பிலிருந்து வருகிறது. ஹார்டன் போட்ட உப்பு நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

இப்போது சாம்பல் மூடி டியூபைத் திரும்பப் பாருங்கள். ஃப்ளூரைடு அடைப்பது ஒன்பதாம் படி, கடன் திரும்பி வருவதற்கு ஒரு படி முன்னால். செல் இரண்டைக் கொடுக்கிறது, ஏழாம் படியில் இரண்டு வருகிறது, பத்தாம் படி வரவில்லை, நிகரம் சைபர். ஆனால் சிவப்பணுவுக்குச் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓட்டவும் ஏடிபி வேண்டும். கையிருப்பு கரைந்துகொண்டே வரும். பைருவேட் இல்லாததால் லாக்டேட்டும் உண்டாகாது, ஆறாம் படிக்கு வேண்டிய, லாக்டேட் உண்டாகும்போது திரும்பக் கிடைக்கும் என்ஏடி என்ற துணைப்பொருளும் தீர்ந்துபோகும். கடைசியில் முதல் படிக்குக் கொடுக்கவே ஏடிபி இல்லாதபோதுதான் குளுக்கோஸ் மறைவது நிற்கும். அந்தத் தாமதத்தில்தான் உங்கள் அப்பாவின் 121 இறங்கியது.

சின்னப்பாலத்து மகள் — இரவு 7:35

என் அம்மா பாசி எடுக்கிறவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்து வருவார். நாள் முழுக்க முங்கி எழுந்து வந்தால் தொடை இரண்டும் எரிகிறது என்பார், இரவில் நான் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை உடைவதால் லாக்டிக் அமிலம் தேங்கி மறுநாள் வரை வலிக்கிறது என்று பள்ளியில் படித்தேன். முங்கும்போது தசையில் நடப்பது இதுதானா?

உயிர்வேதி மாணவன் — இரவு 8:20

அக்கா, பாதி சரி. மூச்சடக்கும்போது உடம்பு ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிக் கை காலுக்குக் குறைத்துவிடும், அப்போது தசை கிளைக்காலிசிஸைத்தான் நம்பும். லாக்டேட் ஏறும், அந்த நேரத்து எரிச்சலில் அமிலம் சேர்வதற்குப் பங்கு உண்டு. ஆனால் மறுநாள் வலிக்கு லாக்டேட் காரணமில்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். மறுநாள் வலி தசை நாரில் விழுந்த நுண்ணிய காயங்களால். லாக்டேட்டைக் கல்லீரல் எடுத்துத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்கும், 1947-இல் நோபல் வாங்கிய கோரி தம்பதி பெயரில் இதைக் கோரி சுழற்சி என்கிறோம்.

இன்னொன்று, அம்மாவின் தசை அந்த நேரத்தில் பெரும்பாலும் உடைப்பது ரத்தத்துக் குளுக்கோஸை இல்லை, தசையிலேயே சேர்த்து வைத்த கிளைக்கோஜனை. அதிலிருந்து கழன்று வரும் குளுக்கோஸ் பெரும்பாலும் பாஸ்பேட்டோடுதான் வரும், அந்தப் பாஸ்பேட் ஏடிபியிலிருந்து வந்ததில்லை. ஹெக்சோகைனேஸ் படி மிச்சம். அதனால் 2-க்குப் பதில் 3 ஏடிபி நிகரமாகக் கிடைக்கும். மூச்சு முட்டும் நேரத்தில் அந்த ஒன்று பெரிய விஷயம்.

கீழக்கரைக் காக்கா — இரவு 9:05

எல்லாம் சரி தம்பி, மூன்றாம் படியில் எனக்கு ஒரு மல்லுக்கட்டு உண்டு. பாஸ்போஃப்ரக்டோகைனேஸுக்கு ஏடிபி வேண்டும். அதே ஏடிபி அதிகமானால் அந்த நொதி அடங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறது. வேலைக்கு வேண்டிய பொருளே வேலையை நிறுத்துமா? என் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இங்கே நின்றுவிட்டேன்.

உயிர்வேதி மாணவன் — இரவு 9:50

காக்கா, நொதியில் ஏடிபிக்கு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று வேலை நடக்கும் இடம், அங்கே ஏடிபி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் இருந்தாலே நிரம்பிவிடும். இன்னொன்று ஓரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு இடம், அங்கே பிடி தளர்வு, ஏடிபி நிறைய இருந்தால்தான் போய் உட்காரும், உட்கார்ந்தால் ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டைப் பிடிக்கும் திறன் குறையும். செல்லில் ஏடிபி தாராளமாக இருக்கிறது, சர்க்கரையை வெட்ட வேண்டாம் என்று அர்த்தம். தசை வேலை செய்யும்போது ஏடிபி (ATP) பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் ஏடிபி தன் மூன்று பாஸ்பேட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டே பாஸ்பேட் உள்ள தேய்ந்த வடிவம் (ADP) மிஞ்சும். அப்படித் தேய்ந்த இரண்டு சேர்ந்து ஒரு முழு ஏடிபியும், ஒரே பாஸ்பேட் உள்ள ஒரு ஏஎம்பியும் (AMP) ஆகும். ஏடிபி சிறிது குறைந்தாலே ஏஎம்பி பல மடங்கு ஏறிவிடும், அது வந்து நொதியின் தடையை நீக்கும். அமிலம் அதிகமானாலும் நொதி அடங்கும், சின்னப்பாலத்து அக்காவின் அம்மாவுக்குத் தொடை எரிந்தபின் வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவது உண்டு.

கட்டுப்பாடு முக்கியமாக மூன்றாம் படியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. முதல் படி முடிந்த சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேமிப்புக்குப் போகலாம், வேறு பாதைக்கும் போகலாம். மூன்றாம் படி முடிந்தால் வெட்டுதான்.

தங்கச்சிமடத்துத் தம்பி — மறுநாள் மாலை 6:30

இன்று காலை அப்பாவை நேராக ராமநாதபுரம் கூட்டிப் போய், ரத்தம் எடுத்த இடத்திலேயே உடனே சுழற்றச் சொன்னோம். 117 வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, பஸ்ஸில் வரும்போது உச்சிப்புளி தாண்டியதும் தங்கையிடம், "அந்தச் செல் எப்படித் தின்னும்னு சொன்னியே, திரும்பச் சொல்லு" என்றார். அவள் பாம்பன் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள், நாலாம் படியில் இருந்து ஆரம்பித்து.

ஆய்வக அக்கா — இரவு 7:15

117 வெறும் வயிற்றில் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எச்பிஏ1சி-யும் எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அது ஹீமோகுளோபினில் இரண்டு மூன்று மாதமாக ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பது, டியூப் பஸ்ஸில் சில மணி நேரம் போனாலும் குறையாது.